சுவர் நிறைய டிவி, பார்க்க ஒரு படம் இல்லை: ஷோரூம் விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



தீபாவளி நெருங்கும் நாட்களில் உங்கள் கடைக்குள் நுழையும் குடும்பம் முதலில் பார்ப்பது சுவர் முழுக்க மின்னும் டிவிகளை. அவற்றில் ஓடுவது என்ன? பஞ்சவர்ணக்கிளி சிறகை விரிக்கிறது. தேன் மெல்ல வழிகிறது. வெட்டிய ஆரஞ்சுப் பழத்தின் மேல் நீர்த்துளி தெறிக்கிறது. பவளப்பாறை நடுவே மீன்கள் திரிகின்றன. எல்லாமே நல்ல வெளிச்சத்தில், நிதானமான அசைவில், அடர்ந்த நிறத்தில் எடுக்கப்பட்டவை. அந்தக் குடும்பம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கப்போவதோ ஓடிடியில் வரும் புதுப்படம், சேப்பாக்கம் மேட்ச், பிள்ளைகளின் வீடியோ கேம். இந்த மூன்றில் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை.

டிவி தயாரிக்கும் நிறுவனங்களுக்கோ விளம்பரம் எடுப்பவர்களுக்கோ எழுதப்படும் மடல் இல்லை இது. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் நெல்லையிலும் ஷோரூம் தளத்தில் காலை முதல் இரவு வரை நிற்கும் உங்களுக்கானது.  ஒரு குடும்பம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கும் பொருள் டிவி. பணம் கட்டுமுன் அதைப் பற்றி அவர்களிடம் பேசும் கடைசி ஆள் நீங்கள்தான். ரிமோட்டும் உங்கள் கையில் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட எந்த வாசகத்தாலும் முடியாததை அந்த ரிமோட்டை வைத்து நீங்கள் செய்து காட்டிவிடலாம்.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பெரிய திரையைக் கேட்டு வருகிறவரிடம் அளவோடு சேர்த்துப் படத்தின் தரத்தையும் பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

முதலில் அந்தச் சுவரின் கதையைப் பார்ப்போம். புது டிவியை முதன்முறை இயக்கும்போது, இருக்கப்போகும் இடம் வீடா கடையா என்று அது கேட்கும். கடை என்று சொல்லிவிட்டால் வெளிச்சம் உச்சத்துக்கு ஏறும், நிறங்கள் அடர்ந்துபோகும். சில மாடல்களில் யாராவது ரிமோட்டை எடுத்து மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். வரிசையாக எரியும் விளக்குகளுக்குக் கீழே, பக்கத்து டிவியோடு போட்டி போட்டுக் கண்ணைப் பறிக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. இரண்டு திரைகளை அருகருகே வைத்தால் கூடுதல் வெளிச்சமும் கொஞ்சம் நீலமும் கலந்ததுதான் நல்ல படம் என்று மனிதக் கண் முடிவு கட்டிவிடும். இந்தப் பலவீனத்தைத் தெரிந்து செய்த மோடுக்குத்தான் 'விவிட்', 'டைனமிக்' என்றெல்லாம் பெயர்.

சினிமாவிலும் ஒளிபரப்பிலும் வெள்ளை நிறத்துக்கு ஓர் அளவு உண்டு. அதை டி65 என்பார்கள். ஏறத்தாழ 6,500 கெல்வின். கலர் கரெக்‌ஷன் செய்பவர் பார்க்கும் மானிட்டரின் வெள்ளை அதுதான். விவிட் மோடில் பல டிவிகளின் வெள்ளை 10,000 கெல்வினையும் தாண்டி நீலத்துக்குள் போய்விடுகிறது. விளைவு முதலில் தெரிவது முகத்தில். 'பருத்திவீரன்' (2007) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராம்ஜியின் கேமராவில் மதுரைப் பக்கத்து வெயிலும் செம்மண்ணும் அந்த வெயிலில் காய்ந்த முகங்களும் ஒரே குடும்பத்து நிறங்களாக இருக்கும். விவிட் மோடில் அதே முகங்கள் ஒரு காட்சியில் ஆரஞ்சாகவும் மறு காட்சியில் ரோஜா நிறமாகவும் மாறும். வேட்டியின் வெள்ளையில் நீலம் போட்டதுபோல் ஒரு சாயல் ஏறும். நம் தோலின் மாநிறத்தில் எத்தனை வகை இருக்கிறது என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். படத்தின் நிறம் சரியா என்று சோதிக்க எந்தக் கிளியும் வேண்டாம், தெரிந்த ஒரு முகம் போதும்.

பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் கடை விளக்கை நம்புவதில்லை. புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார். டிவி வாங்க வருகிறவருக்கும் அப்படி ஒரு வாசல் வேண்டும். டிவியில் அந்த வாசலின் பெயர் 'சினிமா' மோட், அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோட். அதற்கு மாற்றியதும் படம் மங்கலாகவும் மஞ்சளாகவும் தெரியும். வாடிக்கையாளரின் முகம் சுருங்கும். அந்த இடத்தில் பயந்து விவிட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் அதே படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் பழகியபின் பழைய மோடுக்கு மாற்றிக் காட்டுங்கள். இப்போது அதுதான் நீலமாகத் தெரியும்.

இனி சினிமா. இருட்டைக் காட்டத் தெரியாத டிவியில் சினிமா பார்க்க முடியாது என்பதில் இந்த மடலுக்குச் சந்தேகமே இல்லை. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) முழுக்க ஒரே இரவில் நடக்கும் கதை. பாட்டு கிடையாது, பகல் காட்சி தேடினாலும் பெரிதாகக் கிடைக்காது. ஒளிப்பதிவாளர் சத்யன் சூரியன் லாரியின் முகப்பு விளக்கையும் சாலையோர வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு படத்தை நடத்திக்கொண்டு போகிறார். நீங்கள் விற்கும் எந்த டிவிக்கும் இது சரியான பரீட்சை. கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா? இருட்டில் நிற்கும் ஆளின் கறுப்புச் சட்டைக்கும் பின்னாலிருக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு கோடாவது தெரிகிறதா, இரண்டும் ஒரே தாராகிவிட்டதா? முகப்பு விளக்கைச் சுற்றி வெளிச்சம் ஒழுகிப் புகைமூட்டம்போல் நிற்கிறதா? இந்த மூன்று கேள்விக்கும் திரையே பதில் சொல்லும்.

காரணம் பேனலில் இருக்கிறது. எல்சிடி டிவியில் படத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிகிறது. முன்னால் இருக்கும் திரவப் படிகம் அதை மறைக்கப் பார்க்கிறது, முழுதாக மறைக்க முடிவதில்லை. ஐபிஎஸ் வகைப் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கும். விஏ வகையில் அது மூவாயிரத்தைத் தாண்டும். அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். ஓஎல்ஈடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தேவையில்லாதபோது தானே அணைகிறது. மினி எல்ஈடி என்பது எல்சிடியின் பின்விளக்கை நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மங்கவைக்கும் முறை. நன்றாகச் செய்தால் ஓஎல்ஈடிக்கு அருகே வரும், வெளிச்சத்தில் அதை மிஞ்சவும் செய்யும். பகுதிகள் குறைவாக இருந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும்போது எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலே இதற்குப் போதுமான சோதனை. சப்டைட்டிலும் உதவும்.

மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே காட்சியில் காட்டும் முறைக்கு எச்டிஆர் என்று பெயர். பெட்டியில் 'எச்டிஆர்' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி விற்பது பழக்கமாகிவிட்டது. அந்த எழுத்துக்கு, அந்த வகை சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதற்குமேல் உறுதியான பொருள் கிடையாது. சாதாரணப் படம் 100 நிட்ஸ் ஒளிர்வை உச்சமாக வைத்துத் தயாராகிறது. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் வரை, சில 4,000 வரை போகின்றன. 250 நிட்ஸ்தான் எட்டும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கவும் தெரியாத டிவியில் அந்த வெளிச்சத்துக்கு எங்கே இடம்? 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை (2022) போட்டுப் பாருங்கள். ரவிவர்மனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ஒளிப்பதிவு அது. நல்ல டிவியில் தீப்பந்தத்தின் நடுவே சுடரின் உருவம் தெரியும், நகையின் விளிம்பில் மட்டும் ஒரு மினுக்கு நிற்கும். சுமாரான டிவியில் சுடர் ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும், இல்லாவிட்டால் முழுப் படமும் இருண்டுபோகும். அந்த விலையில் அதுதான் வரும் என்றால் அதையே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம். 30,000 ரூபாய்க்கு டிவி எடுப்பவர் அதிசயம் கேட்டு வரவில்லை.

இருட்டுப் படமும் தவறாக வைத்த டிவியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் எட்டாவது சீசனில் மூன்றாம் எபிசோட் வந்தது. ஒரு பெரிய இரவுப் போர். என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை என்று பல நாட்டு ரசிகர்கள் கொதித்தார்கள். காட்சி அப்படித்தான் எடுக்கப்பட்டது, மக்கள் வீட்டில் டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாததும் பெரிய காரணம் என்று ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பதில் சொன்னார். இணையத்தில் வரும் படத்தை அமுக்கி அனுப்பியதும் தன் பங்குக்குக் கெடுத்தது. எப்படியானாலும், அந்த டிவிகளை விற்றபோது யாராவது ஓர் இரவுக் காட்சியைப் போட்டுக் காட்டியிருந்தால் பாதிப் பேருக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்கும்.

சினிமாவின் இன்னொரு சிக்கல் அசைவு. பேசும்படக் காலத்திலிருந்து சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடுகிறது. சினிமாவின் அந்த மெல்லிய அதிர்வு, கனவுபோன்ற தன்மை எல்லாம் அங்கிருந்து வருவது. டிவியோ இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தானே ஒரு ஃபிரேமைக் கற்பனை செய்து செருகுகிறது. சோனியில் அதற்கு மோஷன்ஃப்ளோ என்று பெயர், எல்ஜியில் ட்ரூமோஷன், பல பிராண்டுகளின் பெட்டியில் எம்இஎம்சி. அது முழு அளவில் இயங்கினால் கோடி கோடியாய்ச் செலவழித்த படம் ஸ்டூடியோவில் எடுத்த சீரியல்போல் வழுக்கிக்கொண்டு ஓடும். 2018 டிசம்பரில் 'டாப் கன்: மேவரிக்' படப்பிடிப்பிலிருந்து டாம் க்ரூஸும் அந்தப் படத்தின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான கிறிஸ்டோஃபர் மெக்குவாரியும் ஒரு வீடியோ வெளியிட்டு, வீட்டு டிவியில் இந்த வசதியை அணைத்துவிடும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு ஃபிலிம்மேக்கர் மோடை அறிவித்தது. மார்ட்டின் ஸ்கார்சேஸி, கிறிஸ்டோஃபர் நோலன், ரையன் கூக்லர் போன்றோர் அதை ஆதரித்தார்கள். ஃபிரேம் செருகுதல், செயற்கைக் கூர்மை, இரைச்சல் நீக்கம் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அணைத்து, வெள்ளையையும் டி65-க்குக் கொண்டுவரும் மோட் அது. உங்கள் தளத்தில் அந்த மோட் உள்ள டிவிகள் நிச்சயம் இருக்கும். அதை அழுத்திக் காட்டும் விற்பனையாளர்கள்தான் குறைவு.

கிரிக்கெட்டுக்கு வேறு கண் வேண்டும். ஒரு கணக்கு: மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 40 மீட்டர் போகிறது. இந்தியாவில் டிவி ஒளிபரப்பின் அடிப்படை 50 ஹெர்ட்ஸ்; நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அந்தப் பந்து 80 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆடுகளத்தின் நீளமே 20 மீட்டர்தான். ஆகவே பந்துவீச்சாளரின் கையிலிருந்து மட்டைக்கு வந்து சேரும் அரை நொடியில் கண்ணுக்குக் கிடைப்பது அதிகம் போனால் 25 படங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு படத்தைக் கற்பனை செய்யச் சொன்னால் டிவி திணறும். சின்ன வெள்ளைப் பந்து, அதற்குப் பின்னால் கூட்டம், விளம்பரப் பலகை, சுழலும் கை. அப்போதுதான் பந்துக்கு வால் முளைக்கிறது, மட்டையின் ஓரம் கிழிகிறது, ஒரு கணம் பந்தே காணாமல் போகிறது. 'கிரிக்கெட்டுக்கு எம்இஎம்சி வேண்டும் சார்' என்று சொல்லுமுன் ஒரு வேகப்பந்து ஓவரை அதை இயக்கியும் அணைத்தும் காட்டுங்கள். சிலருக்குக் குறைந்த அளவில் அது பிடிக்கும். பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும், முடிவு அவர்கள் கண்ணுடையது.

இங்கே பழைய டிவிக்கு ஒரு மரியாதை செய்யவேண்டும். 2006 முதல் தமிழ்நாடு அரசு வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவியில் பந்து தெளிவாகத் தெரிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது வெறும் ஏக்கம் இல்லை. பிக்சர் டியூபில் ஒவ்வொரு படமும் ஒரு மின்னலாக வந்து மறைந்தது; அடுத்ததற்குக் கண் காலியாக இருந்தது. இன்றைய பேனல்கள் ஒரு படத்தை அடுத்தது வரும்வரை பிடித்து வைத்திருக்கின்றன. நகரும் பொருளைப் பின்தொடரும் கண்ணில் அது மங்கலாகப் பதிகிறது. பேனல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் இந்தக் குணம் இருக்கும், அளவுதான் மாறும்.

பந்தைவிடப் பெரிய சோதனை புல்வெளி. பவுண்டரிக்குப் பறக்கும் பந்தைத் துரத்திக் கேமரா ஓடும்போது திரை முழுக்கப் பச்சை. பின்விளக்கு சீராக இல்லாத பேனலில் அந்தப் பச்சைமேல் அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் திட்டுத்திட்டாக, கோடுகோடாகக் கறை நகரும். டெமோ வீடியோவில் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் அங்கே ஒரே நிறம் திரையை நிறைப்பதே இல்லை. வீட்டில் முதல் மேட்சிலேயே தெரிந்துவிடும், பார்த்த கண்ணால் பிறகு பார்க்காமல் இருக்கவும் முடியாது. கடையிலேயே ஒரு பவுண்டரியைப் போட்டுக் காட்டிவிட்டால் வீட்டுக்குப் போய் ஏமாறும் வேலை இல்லை.

மதியம் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டத்தில் ஸ்டேடியத்தின் நிழல் மைதானத்தைக் குறுக்கே வெட்டும். வெயிலில் நிற்கும் ஃபீல்டரும் நிழலில் நிற்கும் ஃபீல்டரும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும். அந்த நேரத்தில் உங்கள் வாடிக்கையாளரின் ஹாலிலும் ஜன்னல் வழியே வெயில் கொட்டும். இருட்டறையில் ராஜாவான ஓஎல்ஈடி இந்த ஹாலில் அதே ராஜாவாக இருக்கும் என்று சொல்லமுடியாது. அதிக ஒளிர்வுள்ள மினி எல்ஈடி இங்கே வசதி. மேட்சுக்கு வீடு நிறைய ஆள் சேரும். சோபாவில் இருவர், பக்கவாட்டு நாற்காலியில் தாத்தா, தரையில் பிள்ளைகள், சமையலறை வாசலில் நின்றபடி அம்மா. விஏ பேனல் பக்கவாட்டிலிருந்து வெளிறித் தெரியும். ஐபிஎஸ்ஸும் ஓஎல்ஈடியும் தாக்குப்பிடிக்கும். சினிமாவுக்கு விஏ நல்லது, கூட்டத்துக்கு ஐபிஎஸ் நல்லது. இரண்டும் வேண்டும் என்பவருக்குப் பணம் கூடும். இப்படி நேராகச் சொன்னால் போதும், யாருக்கும் புரியும்.

சேனல் வழியாக வரும் படத்தையும் காட்டவேண்டும். உங்கள் தளத்தில் ஓடுவது பென் டிரைவில் வந்த சுத்தமான 4கே. வீட்டில் வருவது கேபிள் அல்லது டிடிஎச். அதில் பல இன்னும் சாதாரண எஸ்டி சேனல்கள். 576 வரிப் படத்தை 2,160 வரித் திரைக்கு டிவி இழுத்து நிரப்பவேண்டும். இந்த வேலையில் பிராண்டுக்குப் பிராண்டு, சில்லுக்குச் சில்லு வித்தியாசம் நிறைய. நாள் முழுக்க சீரியலும் செய்தியும் ஓடும் வீட்டுக்கு 4கே டெமோவைவிட ஒரு எஸ்டி சேனல்தான் முக்கியமான சோதனை. அந்த வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. செய்திச் சேனலின் பட்டையும் லோகோவும் தினமும் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்ஈடியில் காலப்போக்கில் தடம் பதியலாம். விலை கூடிய டிவியை விற்கும் ஆசையில் இதை விழுங்கிவிடாதீர்கள்.

சில டிவிகளில் உள்ளேயே இருக்கும் ஆப்பில் மேட்ச் பார்த்தால் இன்னொரு குறை தெரியும். நொடிக்கு 50 படமாக வரும் ஆட்டத்தை 60 ஹெர்ட்ஸில் காட்டும்போது நொடிக்குப் பத்து முறை ஒரு படம் இரண்டு தடவை வரும். கேமரா நகரும்போது அது சின்னச் சின்ன விக்கலாகத் தெரியும். அதே டிவியில் செட்டாப் பாக்ஸ் வழியே அதே ஆட்டம் சீராக ஓடும். டிவி பழுது என்று ஓடிவரும் வாடிக்கையாளரிடம் விளக்க இது உங்களுக்குப் பயன்படும்.

கேமுக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் போனில் விளையாடுகிறார்கள். அவர்களுக்கு டிவியின் கேம் வசதி தேவையே இல்லை, அதற்குக் கூடுதல் பணம் வாங்கவேண்டாம். பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் வீடுகள் வேறு. அங்கே படத்தின் அழகைவிட முக்கியமானது தாமதம். கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்திய கணத்துக்கும் திரையில் அது தெரியும் கணத்துக்கும் இடைவெளி. சினிமா மோடிலோ விவிட் மோடிலோ அது பல டிவிகளில் 100 மில்லிநொடியைத் தொடும்; நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் அது ஆறு ஃபிரேம். எதிராளி ஏற்கெனவே சுட்டுவிட்டான். கேம் மோடுக்கு மாற்றினால் அதே டிவி 10 முதல் 20 மில்லிநொடிக்குள் வந்துவிடும். மோட் மாற்றியதும் விளையாடிப் பார்க்கும் பையனின் முகத்தைப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

'120 ஹெர்ட்ஸ்' என்ற எண்ணில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். உண்மையில் 120 ஹெர்ட்ஸ் பேனல் உண்டு. 60 ஹெர்ட்ஸ் பேனலில் ஃபிரேம் செருகிவிட்டு 120 என்று அச்சிடுவதும் உண்டு. டிஎல்ஜி என்ற முறையில், குத்துவாட்டுத் தெளிவைப் பாதியாக்கிக்கொண்டு 120-ஐ எட்டும் 60 ஹெர்ட்ஸ் பேனல்களும் வருகின்றன. மூன்றும் ஒரே பொருள் ஆகாது. 4கே தெளிவில் நொடிக்கு 120 ஃபிரேம் வரவேண்டுமானால் பேனலோடு எச்டிஎம்ஐ போர்ட்டும் ஒத்துழைக்கவேண்டும். பழைய 2.0 வகை நொடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும், அதில் 4கே 60-தான் போகும். 2.1 வகை 48 ஜிகாபிட் வரை கடத்தும். பல டிவிகளில் நான்கு போர்ட்டில் இரண்டு மட்டும் 2.1. அவற்றில் ஒன்றே சவுண்ட்பார் செருகும் இஏஆர்சி போர்ட்டாகவும் இருந்தால், சவுண்ட்பார் வாங்கியவருக்கு மிஞ்சுவது ஒன்று. இந்தச் சங்கதி விளம்பரத்தில் வராது. டிவியின் பின்பக்கம் திருப்பிக் காட்டினால்தான் தெரியும்.

இன்னும் ஒன்று: பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டின் முழுத் திறன் பெட்டியிலிருந்து வரும்போது அணைந்தே இருக்கும். மெனுவுக்குள் போய் அந்தப் போர்ட்டை இயக்கினால்தான் எச்டிஆரும் 120-ம் வரும். கேமில் இருட்டான பாதாளங்கள் வரும்போது விஏ பேனலில் நகரும் கறுப்பு உருவத்தின் பின்னால் கறை இழுபடுவதையும் கவனியுங்கள். ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக நிறம் மாறும் ஓஎல்ஈடியில் அது இல்லை.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. 55 அங்குலத் திரையில் 4கே புள்ளி ஒன்று ஏறத்தாழ 0.32 மில்லிமீட்டர். சராசரிப் பார்வை உள்ளவர் மூன்றரை அடிக்கு அப்பால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. முழு எச்டிக்கே அந்த எல்லை ஏழு அடிதான். பத்தடி தள்ளி உட்காருபவருக்கு 8கே விற்பது நியாயமில்லை. அந்தப் பணத்தில் நல்ல கறுப்பும் நல்ல நிறமும் உள்ள 4கே கிடைக்கும்.

இத்தனை சோதனையும் ஒரு கடையில் நடக்குமா என்று கேட்பீர்கள். நியூயார்க் மாநிலத்து ஸ்கார்ஸ்டேலில் வேல்யூ எலெக்ட்ரானிக்ஸ் என்றொரு கடை இருக்கிறது. 2004 முதல் அங்கே டிவிகளுக்குள் போட்டி நடத்துகிறார்கள். ஒவ்வொரு டிவியையும் முதலில் அளவுகோல்படி சரிசெய்துவிட்டு, ஸ்டூடியோ தர மானிட்டர் பக்கத்தில் இருக்க, நிபுணர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். எந்த டிவி அதிகம் பளபளக்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எந்த டிவி மானிட்டருக்கு அருகில் வருகிறது என்றே பார்க்கிறார்கள். ஆய்வகம் செய்த வேலை இல்லை அது, டிவி விற்கும் ஒரு கடை செய்தது. ஆகவே கடையால் முடியாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம்.

உங்களுக்கு ஸ்டூடியோ மானிட்டர் தேவையில்லை. மேலாளரிடம் பேசி தளத்தின் ஒரு மூலையில் மேல்விளக்கை அணைக்க அனுமதி வாங்குங்கள். அங்கே மூன்று டிவி போதும்: விலை குறைந்தது ஒன்று, நடுத்தரம் ஒன்று, உயர்ந்தது ஒன்று. மூன்றையும் கடை மோடிலிருந்து வீட்டு மோடுக்கு மாற்றுங்கள். கடையின் வைஃபையில் ஓர் இரவுக் காட்சி, டிடிஎச் இணைப்பில் ஒரு ஓவர், முடிந்தால் ஒரு கேம் கன்சோல். நீங்கள் ஒரு பிராண்டு நிறுத்திய ப்ரோமோட்டராக இருந்து இன்சென்டிவ் அந்தப் பிராண்டிலிருந்தே வந்தாலும் இதைச் செய்யலாம். உங்கள் பிராண்டிலும் நல்ல டிவி இருக்கத்தான் செய்யும், அது எதற்கு நல்லது என்று சொல்ல உங்களைவிடத் தெரிந்தவர் கிடையாது. வாடிக்கையாளரிடம் பட்ஜெட் கேட்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டில் அதிகம் ஓடுவது என்ன, பகலிலா இரவிலா, எத்தனை அடி தள்ளி உட்காருவீர்கள்?

டிவி விற்றுப் பில் போட்டபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இன்ஸ்டலேஷனுக்குப் போகும் தொழிலாளர் அவசரத்தில் கடை மோடையே அழுத்திவிட்டு வந்துவிடக்கூடும். அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அதிலேயே பார்த்துக்கொண்டிருக்கும். பில்லின் பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: வீட்டு மோட் வைக்கவும்; படத்துக்கு சினிமா மோட் வைத்து ஃபிரேம் செருகுவதை அணைக்கவும்; கன்சோல் இருந்தால் 2.1 போர்ட்டில் செருகி கேம் மோட் போடவும். இந்தத் தீபாவளிக்கு விற்கும் முதல் டிவியிலிருந்தே தொடங்குங்கள்.